ஜுரம் வந்தா அமைதியாகிற பையன்

கச்சிராயபாளையத்துல இருக்கற என் தங்கச்சி பையனுக்கு ஆறு வயசு. ஆட்டிசம். சாதாரண நாள்ல கதவைத் திறந்து மூடி, திறந்து மூடின்னு மணிக்கணக்கா ஓடும். உடம்பு கொதிக்கற அன்னிக்கு மட்டும் மடியில வந்து உக்காந்து முகத்தைப் பார்ப்பான். போன தடவை "அம்மா தண்ணி"ன்னு கேட்டுட்டான். அவ போன்ல ஒரே அழுகை. "அண்ணா, இவனுக்கு ஜுரம் விடவே கூடாதுன்னு நெனச்சுட்டேன். நான் பாவிதானே?"

பாவியெல்லாம் இல்லம்மா. 2007-ல பால்டிமோர்ல, கென்னடி க்ரீகர் நிலையத்துக்காரங்க ஆட்டிசம் உள்ள 30 பிள்ளைங்களை ஜுரத்தின்போது கவனிச்சு இதையேதான் எழுதினாங்க. எரிச்சலும் துறுதுறுப்பும் குறையுது, ஜுரம் விட்டதும் பழையபடி ஆயிடுது. (அதுக்காக ஜுரத்தை வைத்தியம்னு நெனச்சுடாதீங்க. மாத்திரை கொடுத்துதான் ஆகணும்.)

இதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 2005-ல, ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல கார்லோஸ் பார்டோ குழு ஆட்டிசத்தோட வாழ்ந்து இறந்தவங்களோட மூளைத் திசுவைப் பார்த்தாங்க. மைக்ரோக்ளியான்னு மூளைக்குள்ளேயே காவல் நிக்கற செல்கள் உண்டு. அவை முறுக்கிக்கிட்டு நின்னுச்சாம். கலிபோர்னியாவுல மைண்ட் இன்ஸ்டிட்யூட்ல பால் ஆஷ்வுட் மாதிரி ஆளுங்க ரத்தத்துல சைட்டோகைன் அளவு வேறயா இருக்கறதைப் பார்த்தாங்க. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி இல்லை. இது காரணமா விளைவாங்கறதும் முடிவாகலை. ரத்தம் எடுத்து ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்கற டெஸ்ட்டும் கிடையாது.

இதைத்தான் நம்மாளுங்க "எதிர்ப்பு சக்தி கம்மி"ன்னு சுருக்கிடறாங்க. கல்வராயன் மலைக்குப் போயிட்டு வந்த சொந்தக்காரர் ஒருத்தர் கடுக்காயும் மலைத்தேனும் போட்ட லேகியம் கொண்டாந்தார், சக்தி கூடுமாம். தேன் நல்ல தேன்தான், நானே ரெண்டு ஸ்பூன் சாப்ட்டேன். ஆனா ஏற்கெனவே முறுக்கிக்கிட்டு நிக்கற காவல்காரன் கையில இன்னொரு தடியைக் கொடுத்து என்ன பண்றது?

லேகியத்தோட விட்டிருந்தா பரவாயில்லை. "ஊசிதான் இவன் எதிர்ப்பு சக்தியைக் கெடுத்துச்சு, சின்னவளுக்குப் போடாதே"ன்னுட்டார். 2017-ல தட்டம்மை-ருபெல்லா ஊசி முகாம் நடந்தப்போ வாட்ஸப்ல சுத்துன அதே பயம். அதோட வேர் 1998-ல லான்செட்ல வேக்ஃபீல்ட் எழுதின கட்டுரை. வெறும் 12 பிள்ளைங்களை வச்சு எழுதினது. 2010-ல அந்தப் பத்திரிகையே அதை வாபஸ் வாங்கிடுச்சு. 2019-ல டென்மார்க்ல ஆறரை லட்சம் பிள்ளைங்களைப் பார்த்தாங்க, ஊசி போட்டவங்க போடாதவங்க ரெண்டு பக்கமும் ஆட்டிசத்துல வித்தியாசம் இல்லை.

கணக்கெல்லாம் சொன்னேன். தங்கச்சி கேட்டுக்கிட்டே இருந்தா. "ஆறரை லட்சம் சரிண்ணா. என் வீட்டுல ரெண்டுதான் இருக்கு"ன்னா. அதுக்கு எங்கிட்ட பதில் இல்லை. அம்மை வந்தா மூளை வரைக்கும் போகலாங்கறதை மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டேன்.

சின்னவளுக்கு இந்த மாசம் ஒன்பது மாசம் முடியுது. நேத்து ராத்திரி அவளே கூப்பிட்டா. "புதன்கிழமை ஊசி போடறாங்க. பெரியவனைப் பிடிச்சுக்க ஆள் வேணும், வர்றியா?"

காலைல வெள்ளிமலை போற முதல் பஸ்ஸைப் பிடிக்கணும்.