என்னட்டை என்ன கதை இருக்கு, தம்பி?

எங்கட வயதில் கன பேர் இப்ப "கொன்ரென்ற்" எழுதிச் சம்பளம் எடுக்கினம். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே கொழும்புக் கொம்பனிக்கு, ரொறன்ரோவில் இருக்கிற கடைக்கு, பக்கத்து ஊர் மில்லுக்கு என்று எழுதலாம். நானும் நாலு வருசமாக இதைத்தான் செய்கிறேன். இந்த வேலையில் ஆருக்கும் இலேசில் விளங்கப்படுத்த ஏலாத ஒரு பகுதி இருக்கிறது: முதலாளிமாரையும் பணிப்பாளர்மாரையும் செவ்வி காண்பது. பத்திரிகைக்காக இல்லை. அவர்களுடைய சொந்த வெப்சைட்டுக்கு, பேஸ்புக் பக்கத்துக்கு, கண்காட்சியில் கொடுக்கிற கையேட்டுக்கு.

"அது விளம்பரம்தானே? அதுக்கேன் செவ்வி? நீங்களே நாலு வரி எழுதிவிடலாமே" என்று கேட்பார்கள். எழுதலாம். எழுதினால் என்ன வரும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். "தரத்தில் சமரசம் செய்வதில்லை." "வாடிக்கையாளரின் திருப்தியே எமது வெற்றி." இந்த வரிகளை ஒருக்கால் சோதித்துப் பாருங்கள். கொம்பனியின் பெயரை வெட்டிவிட்டு வேறொரு பெயரைப் போடுங்கள். நகைக்கடைக்கும் பொருந்தும், கோழித்தீனிக் கடைக்கும் பொருந்தும். எல்லாருக்கும் பொருந்துகிற வரி ஒருத்தரைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. பெயரை மாற்றினால் உடைந்துபோகிற வரிதான் எங்களுக்கு வேண்டும். அந்த வரி முதலாளியின் வாயில்தான் இருக்கும். எங்கட கணினியில் இராது.

இது புதுசாக வந்த வித்தையும் இல்லை. அமெரிக்காவில் உழவு இயந்திரம் செய்கிற ஜோன் டியர் கொம்பனி 1895 இலேயே "த ஃபரோ" என்று விவசாயிகளுக்கு ஒரு சஞ்சிகை தொடங்கியது. அது இன்றைக்கும் வருகிறது. அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. யாழ்ப்பாணத்திலேயே மில்க்வைற் சவர்க்காரக் கொம்பனி "மில்க்வைற் செய்தி" என்று ஒரு இதழ் வெளியிட்டது. மில்க்வைற் கனகராசா சவர்க்காரம் விற்றவர், அதோடு பனங்கொட்டை நடச் சொல்லி ஊரூராகச் சொன்னவர். அந்தப் பழைய இதழ்கள் சில நூலகம் எண்ணிம நூலகத்தில் இருக்கின்றன. பிரட்டிப் பார்த்தால் ஒன்று விளங்கும்: ஒரு கொம்பனி தன்னுடைய சாமானை மட்டும் புகழாமல் வாசிக்கிறவருக்கு ஏதாவது பிரயோசனமானதைக் கொடுத்தால், சாமான் சந்தையை விட்டுப் போன பிறகும் தாள் மிஞ்சும்.

சரி, ஆளைப் பிடிப்பது எப்படி? இந்த வேலையில் பாதி இதுதான்.

புத்தகங்களில் எழுதியிருப்பது: ஈமெயில் அனுப்பு, ஒரு கிழமை பொறு, திரும்ப ஞாபகப்படுத்து. கொழும்பில் இது வேலை செய்யும். இங்கே ஈமெயிலைப் பார்ப்பது முதலாளி இல்லை, கணக்குப் பார்க்கிற அக்கா. அவவை முதலில் மதிக்கப் பழகவேண்டும். ஐயா எத்தனை மணிக்கு வருவார், எந்த நேரம் ஆறுதலாக இருப்பார், எந்த நாளில் கிட்டவும் போகக்கூடாது என்பதெல்லாம் அவவுக்குத்தான் தெரியும். மாத முடிவிலும் சம்பள நாளிலும் கேட்கக் கூடாது. நல்லூர்த் திருவிழா நடக்கிற இருபத்தைந்து நாளும் கேட்காமல் விடுவது நல்லது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு நேரம் கேட்டால், உங்களுக்கு ராகுகாலம் தெரியாது என்பது மட்டும் அவருக்குத் தெரியவரும்.

அதுக்குப் பிறகு ஒரு இடைஆள் வேண்டும். அவரோடு படித்தவர், ஒரே கோயில்காரர், சாமான் கொடுத்து வாங்குகிறவர், ஆராவது ஒருவர். "இந்தப் பிள்ளை வரும், கொஞ்சம் கதையுங்கோ" என்று அவர் சொல்லுகிற ஒரு வசனம் பத்து ஈமெயிலுக்குச் சமன். நேரில் போனால் முதல் பத்து நிமிடம் செவ்வி காண்பது அவர்தான். "எந்த ஊர்? ஆற்றை பிள்ளை? எங்கை படிச்சனீர்?" இதுக்குச் சினக்கக் கூடாது. சொல்லுகிற கதை ஆற்றை கையில் போகப்போகிறது என்று பார்க்கிறார். அவருடைய இடத்தில் இருந்தால் நானும் கேட்பேன்.

பிறகு வருகிற வசனம் கிட்டத்தட்ட எப்பவும் ஒன்றுதான்: "என்னட்டை என்ன கதை இருக்கு, தம்பி? நாங்கள் ஏதோ செய்யிறம்."

இதைத் தன்னடக்கம் என்று மட்டும் எடுக்கக் கூடாது. கண்ணூறு படும் என்ற பயம் இதில் இருக்கிறது. அதைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. போர்க்காலத்தில் ஒரு வீட்டில் வசதி இருக்கிறது என்று தெரிந்தால் வாசலுக்கு ஆள் வரும். எவ்வளவு உழைக்கிறோம், எத்தனை பேர் வேலை செய்கினம், சாமான் எங்கே போகுது என்று வாய்விட்டுச் சொல்லாமல் இருந்துதான் ஒரு தலைமுறை தொழில் நடத்தியது. அந்தத் தலைமுறையிடம் போய் "உங்கட வளர்ச்சிப் பயணத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள்" என்றால் வாய் மூடிவிடும். கேள்வியில் பிழை இருக்கிறது. மனிசரில் இல்லை.

ஆகவே நான் பெரிய கேள்வியோடு தொடங்குவதில்லை. "இண்டைக்குக் காலமை வந்தவுடனை முதல் என்ன பாத்தனீங்கள்?" இதுக்குப் பதில் சொல்லாத முதலாளியை நான் இன்னும் காணவில்லை. ஒருவர் எண்ணெயின் நிறத்தைப் பார்த்தேன் என்பார். ஒருவர் லொறி வந்ததா என்று பார்த்தேன் என்பார். அங்கிருந்து கதை தானாக நடக்கும். ஏலுமென்றால் கதிரையில் இருத்திக் கேட்காமல் கூடவே நடந்து கேளுங்கள். மேசைக்குப் பின்னால் இருக்கும்போது அவர் "முகாமைத்துவப் பணிப்பாளர்". மெசினுக்குப் பக்கத்தில் நிற்கும்போது தொழில் தெரிந்த மனிசர்.

இரண்டாவது, தத்துவம் கேட்காமல் முடிவுகளைக் கேட்பது. "உங்கட நோக்கம் என்ன?" என்றால் நோக்கம் என்ற பெயரில் ஏதாவது ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். "எப்ப இதை விட்டிட்டுப் போவம் எண்டு நினைச்சனீங்கள்? ஏன் விடேல்லை?" என்று கேட்டால் ஒரு நாள், ஒரு ஆள், ஒரு தொகை மூன்றும் சேர்ந்து வரும். கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கவேண்டும். மூன்று செக்கன் மௌனம் எங்களுக்குக் கஷ்டம். அவருக்கு அது யோசிக்கிற நேரம். அந்த இடைவெளிக்குள் நாங்கள் அடுத்த கேள்வியைத் தூக்கிப் போட்டால் நல்ல பதில் அப்படியே போய்விடும்.

மூன்றாவது, முழுக் கேள்விகளையும் முதலே எழுதி அனுப்பாமல் இருப்பது. தலைப்புகளை மட்டும் அனுப்புவேன்: தொடக்க காலம், சாமான் செய்யிற முறை, இப்ப இருக்கிற சிக்கல். கேள்வி அனுப்பினால் மனேஜர் எழுதிய பதில் வரும். இப்ப மனேஜருக்குச் சற்ஜிபிரி எழுதிக் கொடுக்கிறது.

எங்கட வயது ஆட்களிடம் சிக்கல் தலைகீழ். யாழ் ஐ.ரி. ஹப் 2012 இல் தொடங்கின யாழ் கீக் சலஞ்ச் போன்ற மேடைகளில் ஏறிப் பழகின பிள்ளைகளுக்குத் தங்கட கதையை ஐந்து நிமிடத்தில் சொல்லத் தெரியும். நல்ல பழக்கம். ஆனால் செவ்வியிலும் அந்த ஐந்து நிமிடமே திரும்பி வரும். அவர்களிடம் "மேடையில சொல்லாத ஒண்டைச் சொல்லுங்கோவன்" என்று நேரடியாகக் கேட்பேன். சிரித்துவிட்டுச் சொல்லுவார்கள்.

ஒடியல் மா செய்து விற்கிற ஒரு அக்காவைச் செவ்வி காணப் போனபோது சிக்கல் வேறு மாதிரி. கேள்வி அக்காவுக்கு, பதில் பக்கத்தில் இருந்த அண்ணையிடமிருந்து. அவர் கெட்ட மனிசர் இல்லை, பழக்கம். சந்தை, விலை, கடன் எல்லாத்துக்கும் அவரே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். "அக்கா, கிழங்கு காய்ஞ்சது காணும் எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறனீங்கள்?" என்று கேட்டேன். அண்ணைக்கு அது தெரியாது. அக்கா முறித்துக் காட்டினா. சத்தத்தில் தெரியுமாம். அதுக்குப் பிறகு அரை மணித்தியாலம் அவதான் கதைச்சா. கட்டுரையின் தலைப்பும் அந்தச் சத்தம்தான்.

வெளிநாட்டில் இருக்கிற உரிமையாளர்களென்றால் வட்ஸ்அப்தான். ரொறன்ரோ எங்களைவிடக் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. இங்கே இரவு எட்டு மணி அங்கே காலமை. கார் ஓட்டிக்கொண்டு கதைக்கிறவரிடம் செவ்வி எடுக்கவேண்டாம். பாதியில் அறுந்துபோன வசனங்கள்தான் மிஞ்சும்.

இனி, இந்த வேலையில் எனக்கு முக்கியமாகப் படுகிற விசயம்.

பத்திரிகையாளர் எழுதினதை வெளியிட முதல் காட்டமாட்டார். காட்டக்கூடாது என்பது அவருடைய தொழில் நேர்மை. நாங்கள் காட்டுவோம். ஏனென்றால் இது அவருடைய காசில், அவருடைய பெயரில் வருகிற எழுத்து. இந்த வித்தியாசத்தை மறைத்து, ஏதோ பத்திரிகைச் செவ்வி மாதிரி நடிக்கக் கூடாது. றெக்கோர்டரை அமத்த முதலே மூன்று வாக்குக் கொடுப்பேன். வெளியிட முதல் உங்களுக்குக் காட்டுவன். நீங்கள் வெட்டச் சொல்லுறதை வெட்டுவன். நீங்கள் சொல்லாததைச் சொன்னதா எழுதமாட்டன்.

முதல் இரண்டும் இலேசு. மூன்றாவதில்தான் சண்டை வரும். "ஐயா சொன்ன மாதிரி ஒரு நல்ல வரி போட்டுவிடும்" என்று மனேஜர்மார் கேட்பார்கள். உலகம் முழுக்க நடக்கிற விசயம்தான், பத்திரிகை அறிக்கைகளில் வருகிற மேற்கோள்கள் பலது அப்படி எழுதப்பட்டவை. இருந்தாலும் எங்கட ஊர் சின்னன். அந்த ஐயா எப்படிக் கதைப்பார் என்று சந்தையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். "புத்தாக்கம்" என்ற சொல்லை அவர் வாயில் வைத்தால், வாசிக்கிற முதல் ஆளே சிரிப்பார். பிறகு கீழே இருக்கிற உண்மையான வரியையும் நம்பமாட்டார்.

இரண்டாவது வாக்கும் சிலநேரம் வலிக்கும். ஒரு நல்லெண்ணெய் மில் முதலாளி. ஊரும் பேரும் சொல்லாமல் எழுதலாமா என்று அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஒரு மணித்தியாலம் எள்ளைப் பற்றிக் கதைத்தார். றெக்கோர்டரை நிப்பாட்டி, பிளேன்ரீயும் குடித்து முடித்த பிறகு சொன்னார்: 1995 ஒக்ரோபர் 30, வலிகாமமே வெளிக்கிட்ட அந்த இரவு, மெசினின் முக்கியமான பாகங்களைக் கழற்றிக் கிறீஸ் பூசி, சாக்கில் சுற்றி மாட்டுக்கொட்டிலுக்குள் தாட்டுவிட்டுத்தான் போனாராம். அடுத்த வருசம் திரும்பி வந்தபோது கூரை இல்லை, கதவு இல்லை, மாடும் இல்லை. கிண்டிப் பார்த்தால் சாக்கு இருந்தது. "அந்தப் பல்லுச் சில்லுதான் இண்டைக்கும் ஓடுது" என்றார். சொல்லி முடித்தவுடனேயே, "இதைப் போடாதையும், தம்பி" என்றார்.

மகனுக்குத்தான் இப்ப நிர்வாகம். அவரும் வேண்டாம் என்றார். புதுப் பெயர், புதுப் போத்தல், இதுக்குள் இடம்பெயர்வுக் கதை எதுக்கு என்பது அவருடைய நியாயம். எனக்குத் தெரியும், நான் எழுதினதிலேயே நல்ல கட்டுரை அதுவாக இருந்திருக்கும். வாசிக்கிறவர் எண்ணெயை மட்டும் இல்லை, அந்த மனிசரையும் நம்பியிருப்பார். ஆனால் கதை என்னுடையதும் இல்லை, மகனுடையதும் இல்லை. ஐயாவிடம் திரும்பப் போய் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: "போடேல்லை. ஆனா உங்கட பேரப்பிள்ளையளுக்காக, வீட்டில வைக்கிறதுக்குப் பதிவு செய்யட்டோ?" ஓமென்றார். நாற்பது நிமிடம் கதைத்தார். அந்தப் பதிவு பென்டிரைவில் அவர் கையில் கொடுத்தாயிற்று. என்னிடம் பிரதி இல்லை. வெப்சைட்டில் போனது ஒரே ஒரு வரி, அவரே சொல்லித் தந்தது: "மெசின் பழசு. பல்லுச் சில்லு என்ரை கையால கிறீஸ் பூசினது."

1981 இல் நூலகம் எரிந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். எங்கட கடைகள், மில்லுகள், பட்டறைகளின் கணக்குக் கொப்பிகளும் கடிதங்களும் எங்கெங்கே எரிந்தன, நனைந்தன, தொலைந்தன என்பதுக்குக் கணக்கே இல்லை. ஒரு தொழில் எப்படித் தொடங்கியது, எப்படித் தப்பியது என்று தெரிந்தவர்கள் இப்ப எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். வரலாற்று ஆய்வுக்கு என்று ஆரும் அவர்களிடம் போவது குறைவு. விளம்பரத்துக்கு என்று நாங்கள் போகிறோம். எங்கட வேலை சின்ன வேலைதான், காசுக்குச் செய்கிற வேலைதான். ஆனால் சிலருடைய வாழ்க்கையில் "எப்பிடிச் செய்தனீங்கள்?" என்று உட்கார்ந்து கேட்கிற ஒரே ஆள் நாங்களாக இருக்கலாம்.

ஆகவே இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கச்சிமாருக்கு நான் சொல்லுவது இவ்வளவும்தான். கணக்கு அக்காவுக்கு முதலில் வணக்கம் சொல்லுங்கள். ஒரு போன் காணாது, இரண்டில் பதிவு செய்யுங்கள், மில்லுச் சத்தம் ஒன்றையாவது விழுங்கும். வெட்டச் சொன்னால் வெட்டுங்கள். வெட்டினதை எறிய முதல், அது வீட்டுக்காவது வேணுமா என்று ஒருக்கால் கேளுங்கள்.