சாயவேர் விளைந்த கரை

முசலி என்றதும் முத்துக்குளிப்பையே பலரும் நினைப்பர். மன்னாரிலிருந்து வங்காலை வழியாகத் தெற்கே சென்று அருவியாற்றைக் கடந்தால் அரிப்பு. கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த இறொபேட் நொக்ஸ், தப்பி வந்து 1679இல் அடைக்கலம் புகுந்த ஒல்லாந்தர் கோட்டை இங்கேதான் உள்ளது. தேசாதிபதி நோர்த் கட்டிய மாளிகையோ கடலோரத்தில் இடிந்து நிற்கிறது. ஊரார் அதனை அல்லிராணிக் கோட்டை என்பர். இவற்றைக் காண வருவோர் காலடி மணலை நோக்குவதில்லை. முத்தைப் போலவே ஒல்லாந்தர் கண்ணுங் கருத்துமாய்க் காத்த இன்னொரு பொருள் மன்னார்க் கரையோர மணலில் விளைந்தது. அதுவே சாயவேர்.

செடி மிகச் சிறியது; பூ வெண்மை. செந்நிறம் தருவது மண்ணுள் நீண்டிறங்கும் மெல்லிய வேரின் பட்டை. தானாக முளைத்த வேருக்கே மதிப்பு அதிகம். ஒல்லாந்தக் கம்பனி அதனைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது. வேர் தோண்டுவதையே ஊழியமாகச் செய்யவேண்டிய குடிகளும் இருந்தனர். செஞ்சீலையின் அழகைப் புகழ்ந்தோர் பலர். குனிந்து தோண்டியவரின் முதுகை நினைத்தவர் எவரோ, நாமறியோம்.

சிலாவத்துறைக் கடையொன்றில், கட்டம்போட்ட பருத்திச் சட்டையின்மேல் படகொன்று அச்சிட்டிருக்கக் கண்டோம். ஸ்கிரீன் பிரிண்டிங் என்று வழங்கும் அச்சு அது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியில் உருவம் நீங்கலான இடங்களை அடைத்துவிட்டு, சாயக்குழம்பை இறப்பர்த் தகட்டால் வழித்தால், திறந்த கண்களின் வழியே இறங்கிக் கீழுள்ள துணியிற் பதியும். நிறத்துக்கொரு சட்டம் வேண்டும். மஞ்செஸ்டரில் சாமுவேல் சைமன் 1907இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். முன்பே கட்டமுள்ள துணியாயின் குழம்பு தடித்திருத்தல் வேண்டும்; இல்லையேல் படகினூடே கட்டம் தெரியும். நாம் கண்ட படகிலும் தெரிந்தது!

சாயவேர் முறை இதற்கு நேர்மாறானது. கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில் படிகார நீராலேயே கோலமிடுவர். படிகாரத்துக்கென்று நிறமில்லை. பின்னர் வேரிட்ட நீரில் காய்ச்சினால், படிகாரம் தொட்ட இடம் மட்டும் சிவந்து நிலைக்கும். மற்ற இடம் கழுவக் கழுவ வெளுக்கும். மேலே ஒட்டிய நிறமன்று, இழையோடு கலந்தது. ஆதலால் எளிதில் உரியாது.

இவ்வேரின் செம்மைக்குக் காரணமான அலிசரினை, கிரேபே, லீபர்மன் என்னும் யேர்மானிய இரசாயனிகள் 1868இல் ஆய்வுகூடத்திலேயே ஆக்கிவிட்டனர். அதன்பின் வேருக்குச் சந்தை ஏது?

1990 ஒக்டோபரில் முசலியின் முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றினர். 2009இல் போர் முடிந்தபின் மீண்டவர்கள் காடு மண்டிய காணிகளைத் துப்புரவாக்கிக் குடியேறினர். அவர்களுள் முதியவர் ஒருவரிடம் சாயவேரைப் பற்றி வினவினோம்.

"கேட்ட பேர்தான், தம்பிமார். செடி எதென்று காட்ட எங்கட மூத்த வாப்பா காலத்து ஆட்களெல்லோ வேணும்?" என்றார்.