காலமே, சற்று நில்!

நளாயினியின் கதையை அறியாத தமிழ்க் குடும்பம் அநேகமாக இராது. கூடையிலே சுமந்து சென்ற கணவர் பொழுது விடியும்போது உயிர் துறப்பார் என்று முனிவர் சபித்தார். "அப்படியானால் பொழுதே விடியாமல் போகட்டும்!" என்றாள் அந்த உத்தமி. சூரியன் நின்று விட்டான். இந்தக் கதையைக் கேட்கும் நமக்கு நளாயினியின் பெருமை நினைவிருக்கிறது. விடியாத அந்த இரவில் உலகம் பட்ட பாடு நினைவிருப்பதில்லை. முடிவில் தேவர்களே வந்து அவளைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று அல்லவா?

காலத்தை நிறுத்தும் சக்தி இப்போது கற்புக்கரசிகளை விட்டுச் சிறுவர்களின் கைக்கு வந்திருக்கிறது. பன்னிரண்டு வயதான என் பேரன்தான் எனக்கு இந்தச் செய்தியைத் தெரிவித்தான். ஜப்பான் தேசத்து நிண்டெண்டோ கம்பெனியார் 1986-ஆம் வருஷத்தில் 'ஸெல்டா' என்ற பெயரில் ஒரு வீடியோ விளையாட்டைத் தொடங்கினார்கள். ராஜகுமாரியும் ராட்சதனும் மாய வாளும் நிறைந்த அந்த வரிசை நமது விக்கிரமாதித்தன் கதையைப் போல் நீண்டுகொண்டே போகிறது. 2017-ஆம் வருஷத்தில் வந்த 'ப்ரெத் ஆஃப் த வைல்ட்' என்னும் விளையாட்டில், லிங்க் என்ற கதாநாயகன் இடுப்பில் ஒரு மாயப் பலகையைச் செருகிக்கொண்டு திரிகிறான். அதிலுள்ள 'ஸ்டேஸிஸ்' என்னும் வித்தையை ஏவினால், உருண்டு வரும் பெரும் பாறை பொன்னிறமாக மாறி அந்தரத்தில் அப்படியே நின்று விடுகிறது. சில விநாடிகளுக்கு அந்தப் பாறைக்கு மட்டும் காலம் என்பதே இல்லை!

"காலத்தை நிறுத்திய பிறகு என்னடா வேலை? நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

"ஐயோ தாத்தா! சும்மா உட்கார்ந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நிற்கிற நேரத்தில் பாறையை அடிக்க வேண்டும். அடிக்கும்போது அது அசையாது. ஆனால் அத்தனை அடியும் உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கும். காலம் மறுபடியும் ஓட ஆரம்பித்ததும் ஒரே பாய்ச்சலாய்ப் பறக்கும், பாருங்கள்!"

பையன் விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. எங்கள் வீட்டில் கிழக்குப் பார்த்த அறை ஒன்று உண்டு. என் மனைவி காலமான பிறகு இரண்டு வருஷங்களாக அந்த அறையில் எதுவும் இடம் பெயரவில்லை. மேஜைமேல் அவளுடைய மூக்குக் கண்ணாடி. பக்கத்தில் பாதி படித்து மடித்து வைத்த பத்திரிகை. சுவரில் நாட்காட்டி, அந்தத் தேதியோடு. பையன் படிப்பதற்குத் தனியாக ஓர் இடம் வேண்டும் என்று என் மகள் இரண்டொரு தடவை ஜாடையாகச் சொல்லியிருந்தாள். நான் பதில் சொல்லவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை.

சென்ற தை மாதத்தில் பேரனை அழைத்துக்கொண்டு பனமலைக்குப் போனேன். விழுப்புரம் ஜில்லாவில் அனந்தபுரத்துக்கு அருகே, ஏரிக்கரையை ஒட்டிய குன்றின்மேல் இருக்கிறது தாலகிரீசுவரர் கோயில். தாலம் என்றால் பனை. கிரி என்றால் மலை. காஞ்சிக் கைலாசநாதர் ஆலயத்தைக் கட்டிய ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கற்றளி இது. கருவறையின் பின்சுவரில் உமையோடும் கந்தனோடும் அமர்ந்திருக்கும் ஈசனைக் கண்டு வணங்கிய பின், வடபுறத்துச் சிறு சந்நிதிக்குப் போனோம்.

அங்கேதான் அந்தச் சித்திரம் இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டிய தேவி. தலையிலே மகுடம், அதற்கு மேலே குடை. ஒரு காலை ஊன்றி, மற்றொரு காலை மடித்துப் பின்னே வைத்து, தலையைச் சற்றே சாய்த்துக்கொண்டு அம்பிகை எதையோ பார்த்த வண்ணம் நிற்கிறாள். சுமார் 1,300 வருஷங்களாக அந்தக் கால் தரைக்கு இறங்கவில்லை.

பேரன் வெகு நேரம் வாயைத் திறக்கவில்லை. பிறகு மெல்லிய குரலில், "தாத்தா, இவளை யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள்!" என்றான்.

"ஆமாம், ஒரு சித்திரக்காரன் நிறுத்தி வைத்தான்."

"யாரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்?"

"நடனம் ஆடுகிற சிவபெருமானை."

"அவர் எங்கே?"

சுவரைக் காட்டினேன். ஆடும் பெருமானின் உருவம் அநேகமாக உதிர்ந்து போயிருந்தது. கூர்ந்து பார்த்தால் கரங்களின் சில கோடுகள் தெரிந்தன, அவ்வளவுதான். பார்க்கிறவள் நிற்கிறாள், பார்க்கப்பட்டவர் மறைந்து போனார். எனக்குச் சற்று நேரம் பேச வரவில்லை.

அந்தச் சித்திரக்காரனின் பெயர் நமக்குத் தெரியாது. காலத்தை என்றென்றைக்கும் கட்டி வைக்க அவனாலும் முடியவில்லை. சுண்ணாம்பும் வர்ணமும் அவன் சொற்படி கேட்கவில்லை. ஆனால் ஒரு க்ஷணத்தை நிறுத்தியவன் அதன் எதிரே கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. தன் கையிலும் கண்ணிலும் இருந்த பலம் முழுவதையும் அதற்குள்ளே செலுத்தினான். அந்தப் பலம்தான் இத்தனை நூற்றாண்டுகள் சேர்ந்திருந்து, அன்று ஒரு பன்னிரண்டு வயதுப் பையனை வாயடைத்து நிற்கச் செய்தது. என் பூட்டிய அறையில் நின்றிருந்த காலத்துக்குள் இப்படி என்ன சேர்ந்துகொண்டிருந்தது? யோசித்துப் பார்த்தேன். தூசியைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பேரன் தன் விளையாட்டுக் கருவியை எடுக்கவில்லை. "பாட்டி அந்தப் பத்திரிகையில் எந்தப் பக்கம் வரைக்கும் படித்தாள்?" என்று கேட்டான். பாட்டியைப் பற்றி அவன் கேட்கவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டு வருஷங்களில் அன்றுதான் கேட்டான். விழுப்புரம் வந்து சேரும்வரை அவளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் என் மகளிடம் சாவியைக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை என் பெட்டியில் வைத்துக்கொண்டேன். பத்திரிகையைப் பையன் கேட்டு வாங்கிக்கொண்டான். மடித்திருந்த பக்கத்திலிருந்து மிச்சத்தை அவன்தான் எனக்குப் படித்துக் காட்டினான். நாட்காட்டியை மட்டும் நானே கழற்றினேன். சுவரில் அது இருந்த இடம் வெளுப்பாகத் தெரிகிறது. அங்கே பனமலை அம்பிகையின் படம் ஒன்றை மாட்ட வேண்டும் என்று பேரன் சொல்லியிருக்கிறான். தானே வரையப் போகிறானாம். ஆடுகிற சிவனையும் சேர்த்து!