காரின் குரல்

மலேசியச் சாலைகளில் ஓடும் கார்களுள் ஒரு பகுதி, இந்நாட்டு மண்ணைத் தொடுவதற்கு முன்பே வேறொரு நாட்டில் சில ஆண்டுகள் ஓடிப் பழகியவை. 'ரீக்கான்' கார் என்று மக்கள் அவற்றைச் சுருக்கமாக அழைப்பர். புதுப்பிக்கப்பட்டது என்பது அச்சொல்லின் பொருள். ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை கழுவித் துடைத்து மெருகேற்றப்பட்ட பழைய கார்களே என்பதை விற்போரும் அறிவர், வாங்குவோரும் அறிவர். ஜப்பானியரும் மலேசியரைப் போலச் சாலையின் இடப்பக்கத்தில் கார் ஓட்டுபவர்கள். எனவே, ஸ்டீரிங் வலப்பக்கம் அமைந்த அவர்களுடைய கார்களை அப்படியே இங்கே ஓட்ட முடிகிறது. ஓராண்டுக்குக் குறையாமலும் ஐந்தாண்டுக்கு மிகாமலும் வயதுடையவை, 'ஏ.பி.' எனப்படும் இறக்குமதி அனுமதியின் பேரில் கப்பலேறி வருகின்றன.

கிள்ளானில் வாழும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், பணி ஓய்வு பெற்ற பின் அத்தகைய கார் ஒன்றை வாங்கினார். அது 2018-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள். அவ்வாண்டு ஜூன் முதல் நாள் தொட்டுப் பொருள் சேவை வரி சுழிய விழுக்காடாக்கப்பட்டிருந்தது. செப்டம்பர் முதல் நாள் விற்பனை சேவை வரி நடப்புக்கு வரவிருந்தது. இடைப்பட்ட அந்த மூன்று மாத காலத்தில் நாட்டில் கார் வாங்கப் புறப்பட்ட கூட்டத்தில் அவரும் ஒருவர். பணிக்கொடையில் ஒரு பகுதி முன்பணமாயிற்று. மாதத் தவணையைப் பொறியியலாளரான மகன் ஏற்றுக்கொண்டான்.

சைக்கிளில் பள்ளி சென்று தொழிலைத் தொடங்கியவர் அவர். பின்னர்ப் பழைய டட்சன் ஒன்று, அதன்பின் புரோட்டோன் சாகா. 1985-இல் நாட்டின் முதல் தேசியக் காராக வெளிவந்த சாகாவும் மிட்சுபிஷி நிறுவனத்தின் காரை அடியொற்றிப் பிறந்ததே. ஆக, ஜப்பானியக் கார் அவ்வீட்டிற்குப் புதிதன்று. ஆனால், இம்முறை கார் மாற்றியதற்குக் காரணம் அவருடைய தாயார். 82 வயது நிரம்பிய அம்மூதாட்டிக்கு இரு முழங்கால்களிலும் வலி. தாழ்ந்த காரினுள் இறங்கி உட்காருவதும், பின்னர் அதிலிருந்து எழுவதும் அவருக்குப் பெரும்பாடாயின. ஜீப்பில் ஏறுவதோ அதனினும் கடினம். இரண்டிற்கும் இடைப்பட்டதாக, சாதாரணக் காரின் அடித்தளத்தின் மேல் ஜீப்பின் உயரத்தில் பாதியளவு தூக்கிக் கட்டப்பட்ட 'கிராஸ்ஓவர்' வகைக் காரில், நின்றவாக்கில் பின்புறமாகச் சாய்ந்தாலே இருக்கை இடுப்புக்கு நேராக வந்துவிடுகிறது. கடையில் நின்ற கார்களில் தாமே ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்துத்தான் ஆசிரியர் அதனைத் தேர்ந்தெடுத்தார்.

அது 2014-இல் செய்யப்பட்ட தொயோத்தா ஹாரியர். 1997-இல் ஜப்பானில் முதன்முதல் விற்பனைக்கு வந்த கார் அது. அந்த முதல் தலைமுறைக் கார் வெளிநாடுகளில் லெக்சஸ் என்னும் பெயரில் விற்கப்பட்டது. கார் வாங்குவோர் பொதுவாகக் காரின் பெயரை ஆராய்வதில்லை. தமிழாசிரியரோ ஆராயாமல் இருப்பதில்லை. ஹாரியர் என்பது ஒரு பறவையின் பெயர் என்றும், தமிழில் அதற்குப் பூனைப்பருந்து என்ற அழகிய பெயர் உண்டென்றும் அவர் கண்டறிந்தார். காரின் முகப்பிலும் சிறகு விரித்த பருந்தின் சின்னம் இருந்தது. பேரப்பிள்ளைகள் அன்றுமுதல் காரைப் 'பூனை' என்றே அழைக்கலாயினர். அவர் விரும்பியது பருந்து என்ற பாதியை. பிள்ளைகளுக்குப் பிடித்ததோ மற்றைப் பாதி.

அவரை மிகவும் கவர்ந்தது காருடன் வந்த ஏலத்தாள். ஜப்பானில் பழைய கார்கள் ஏலக்கூடங்களில் விலைபோகின்றன. அங்கே பரிசோதகர் ஒவ்வொரு காரையும் சுற்றிப் பார்த்து, காரின் வரைபடத்தின் மீது குறியிடுகிறார். கீறலுக்கு ஓர் எழுத்து, நசுங்கலுக்கு ஓர் எழுத்து, பழுது பார்த்துச் சாயம் பூசிய இடத்திற்கு வேறோர் எழுத்து. ஒவ்வொன்றின் அளவுக்கும் எண்கள். இறுதியில் காருக்கு மொத்தமாக ஒரு மதிப்பெண். முப்பத்தைந்து ஆண்டுகள் மாணவர் கட்டுரைகளில் சிவப்பு மையால் குறியிட்டு வந்தவருக்கு அந்தத் தாள் பழகிய பொருளாகத் தோன்றியது. இடப்புறப் பின்கதவில் சிறு கீறல் என்று அதில் குறிக்கப்பட்டிருந்தது. ஆசிரியர் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். கீறல் அங்கேயே இருந்தது. திருத்தியவர் நேர்மையானவர் என்று மனத்திற்குள் பாராட்டிக்கொண்டார்.

வீடு வந்து சேர்ந்த கார், தன் தாய்நாட்டை எளிதில் மறப்பதாக இல்லை. வழிகாட்டும் திரையில் ஜப்பானின் வரைபடம் மட்டுமே இருந்தது. கிள்ளானில் எத்தெருவிற்குச் சென்றாலும் அம்புக்குறி வெற்றிடத்தில் நின்றது. வானொலியின் நிலை அதனினும் வருந்தத்தக்கது. ஜப்பானில் பண்பலை ஒலிபரப்பு 76 மெகாஹெர்ட்சில் தொடங்கிவிடுகிறது. பழைய பெட்டிகள் 90-உடன் நின்றுவிடும். மலேசியாவிலோ தமிழ் நிலையங்கள் அந்த எல்லைக்கு அப்பால் ஒலிக்கின்றன. தமிழாசிரியர் வீட்டுக் காரில் மின்னல் பண்பலை கேட்கவில்லை! அலைவரிசையைத் தாழ்த்தித் தரும் ஒரு சிறு கருவியைப் பொருத்திய பின்னரே அக்குறை தீர்ந்தது. அதன்பின் திரையில் தெரியும் எண் ஒன்று, ஒலிக்கும் நிலையம் வேறொன்று. எந்த எண்ணுக்கு எந்த நிலையம் என்பதைப் பேரன் மனப்பாடம் செய்து வைத்தான்.

திரையும் வானொலியும் போக, அக்காருக்கு ஒரு குரலும் இருந்தது. ஒவ்வொரு முறை எந்திரத்தை முடுக்கும்போதும் ஸ்டீரிங்குக்குக் கீழிருந்து ஓர் இளம்பெண்ணின் குரல் பணிவுடன் ஒரு வாக்கியம் சொல்லும்: 'ஈ.டீ.சீ. காடோ கா சோன்யூ சரெத்தே இமசென்.' ஜப்பானின் விரைவுச் சாலைகளில் சுங்கக் கட்டணம் செலுத்துவதற்கான சிறு கருவி அது. அதனுள் செருக வேண்டிய அட்டை செருகப்படவில்லை என்பதே அவ்வாக்கியத்தின் பொருள். வாங்கிய புதிதில் அவ்வீட்டில் எவருக்கும் அது தெரியாது. காலை வணக்கம் கூறுகிறது என்று மருமகள் கருதினார். பேரப்பிள்ளைகள் அதனைப் போலவே சொல்லிச் சிரித்தனர்.

மூதாட்டி மட்டும் சிரிக்கவில்லை. காரில் செல்ல அவர் மறுத்ததுமில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்கும், மாதமொருமுறை மருத்துவமனைக்கும் அதில்தான் சென்றுவந்தார். ஆனால், கார் நிறுத்தியிருக்கும் முன்றிலில் ஏறமாட்டார். கைத்தடியை ஊன்றி நடந்து, வெளிவாயிலைக் கடந்து, தெருவோரத்தில் நின்றுகொள்வார். மகன் எந்திரத்தை முடுக்கிக் காரை வெளியே கொண்டுவந்த பிறகே கதவைத் திறக்கச் சொல்லுவார். மருத்துவமனை வாசலில் எந்திரத்தை அணைக்க வேண்டாம் என்பார். அவருக்காகவே வாங்கிய கார் அது. முழங்கால் வலியோடு அவர் அந்த இருபதடியை நடப்பதைக் கண்டு ஆசிரியர் உள்ளம் நொந்தார். முன்றிலின் சரிவு அச்சந் தருகிறது போலும் என்றெண்ணி, அதனைச் சமன்செய்யச் சிமெந்து வேலைக்காரரையும் விசாரித்தார். தாயார், 'வேண்டாம், தம்பி. வீண் செலவு' என்று கூறிவிட்டார்.

ஓட்டுநர் பக்கத்துக் கதவின் உட்புறத்தில் ஒரு சிறு ஒட்டுத்தாள் இருந்தது. அதில் ஜப்பானிய எழுத்துகளுக்கிடையே 30 என்றும், 8 என்றும், அவற்றின்கீழ் 40,000 என்றும் பேனாவால் எழுதப்பட்டிருந்தது. அடுத்த எண்ணெய் மாற்றத்திற்கான குறிப்பு என்பதை ஆசிரியர் ஊகித்தார். ஆகஸ்டு 30-ஆம் நாள் மாற்ற வேண்டும் என்று பொருள் கொண்டார். நாள் தவறாமல், சுதந்திர தினத்திற்கு முந்திய காலை, பட்டறைக்குச் சென்று நின்றார். பட்டறை உரிமையாளரான சீனர் பல்லாண்டுகளாக ரீக்கான் கார்களைப் பழுது பார்ப்பவர். அவர் சிரித்துவிட்டு மலாய் மொழியில் விளக்கினார். அது நாளன்று, ஆண்டு. ஜப்பானியர் மன்னரின் ஆட்சிக்காலத்தைக் கொண்டு ஆண்டைக் கணக்கிடுவர். 1989-இல் பட்டமேறிய மன்னரின் 30-ஆம் ஆண்டு என்பது 2018. அவ்வாண்டு எட்டாம் மாதத்தில், அல்லது 40,000 கிலோமீட்டர் ஓடியவுடன், எண்ணெய் மாற்ற வேண்டும். காரின் கணக்கில் அப்போது 38,000-க்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டி விற்கும் மோசடி இத்தொழிலில் உண்டு. கதவில் ஒட்டிய தாளைக் கிழிக்க மறந்து பிடிபட்டோரும் உண்டு. இந்தக் காரில் இரண்டு கணக்கும் பொருந்தி வந்தன. ஆசிரியர் தவறாகப் படித்துச் சரியான மாதத்திலேயே வந்திருந்தார்.

இரவு உணவின்போது இக்கதையை அவர் வீட்டாருக்குச் சொன்னார். மன்னருக்கு மன்னர் ஆண்டு மாறுமானால் பள்ளியில் வரலாறு படிப்போர் பாடு என்னாவது என்று வேடிக்கையாகக் கேட்டார். தாயார் சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினார்.

'அப்போது 2603 என்று போட்டார்கள்' என்றார்.

எவருக்கும் விளங்கவில்லை. அவர் எழுந்து கை கழுவிவிட்டுத் தம் அறையிலிருந்து ஒரு பிஸ்கோத்துத் தகரத்தைக் கொண்டுவந்தார். அதனுள், காலஞ்சென்ற தம்பியின் பிறப்புப் பத்திரம் இருந்தது. பழுப்பேறி மடிப்பில் கிழிந்த அத்தாளில், பிறந்த ஆண்டு 2603 என்றே எழுதப்பட்டிருந்தது. ஜப்பானியர் ஆட்சியின்போது மலாயாவில் அவர்களுடைய பேரரசு தோன்றியதாகக் கொள்ளப்பட்ட காலத்திலிருந்து ஆண்டு எண்ணப்பட்டது. 1942 என்பது 2602; 1943 என்பது 2603. ஆசிரியர் அக்காலத்தைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தியவர்தாம். அந்தத் தாள் தம் வீட்டிலேயே இருந்ததை அவர் அறியார்.

கோலசிலாங்கூர் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில் மூதாட்டியின் தந்தை பால்மரம் வெட்டியவர். அந்த 2603-ஆம் ஆண்டில் ஒரு நாள், தோட்டத்திற்கு லோரி வந்தது. சயாமில் வேலை, நல்ல கூலி, அரிசியும் உண்டு என்றார்கள். பெயர் எழுதப்பட்ட ஆடவர்கள் ஏறினார்கள். தம்பி அப்போது தாய் வயிற்றில் இருந்தான். சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்திற்குப் போடப்பட்ட அந்த இரயில் பாதை, 1943 அக்டோபரில் இணைந்து முடிந்தது. போர்க்கைதிகளோடு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களும் காலராவுக்கும் மலேரியாவுக்கும் பட்டினிக்கும் அங்கே ஆயிரம் ஆயிரமாய் இரையாயினர். பாதை முடிந்தது, அவர் திரும்பவில்லை.

'மாதா மாதம் அம்மா ஆபீசுக்குப் போவாள். நானும் சேலையைப் பிடித்துக்கொண்டு போவேன். எனக்கு ஏழு வயது. கடுதாசி வந்ததா, பணம் வந்ததா என்று கேட்பாள். கிராணி ஜப்பான் பாஷை படித்திருந்தார். நம்மவர்தான், ஆனாலும் அதில்தான் சொல்லுவார். அரிமசென். எல்லாவற்றிற்கும் அரிமசென். வீட்டுக்கு வந்து அம்மா அழும்போதுதான், அதற்கு இல்லை என்று அர்த்தம் என்று தெரிந்துகொண்டேன்.'

சற்று நேரம் பேசாதிருந்து, 'அந்தக் காரும் காலையில் எதையோ இல்லை, இல்லை என்கிறது' என்றார்.

தமிழும் ஜப்பானிய மொழியும் உறவுடையன என்று நிறுவ முயன்ற பேராசிரியர் சுசுமு ஓனோவைப் பற்றி அந்த ஆசிரியர் படித்திருக்கிறார். மொழியியலார் பலர் அதனை ஏற்கவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். வினையின் ஈற்றில் இரு மொழிகளும் 'இல்லை' என்பதை வைக்கும் முறையை மேடையில் எடுத்துக்காட்டியும் இருக்கிறார். அவ்வாறு பேசியவருக்கு, 'இமசென்' என்பது எதிர்மறை என்று ஒருநாளும் காதில் விழவில்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பைத் தாண்டாத தாயாருக்கு முதல் நாளே விழுந்துவிட்டது.

மறுநாள் விடுமுறை. அதற்கடுத்த நாள் அவர் பட்டறைக்குச் சென்றார். இரண்டு திருகாணிகள், ஒரு கம்பி. பத்து நிமிடத்தில் கருவி வெளியே வந்தது. பட்டறைக்காரர் அதற்குப் பணம் வாங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை, தாயார் வழக்கம்போல் வாயிலை நோக்கி நடக்கத் தொடங்கினார். ஆசிரியர் முன்றிலிலேயே கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மூதாட்டி சற்றுத் தயங்கிப் பின் திரும்பி வந்து, கைத்தடியை அவரிடம் கொடுத்துவிட்டு, பின்புறமாகச் சாய்ந்து இருக்கையில் அமர்ந்தார். ஆசிரியர் மறுபுறம் சென்று ஏறி எந்திரத்தை முடுக்கினார். ஒரு குரலும் எழவில்லை.

'அது எதைத்தான் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது, தம்பி?'

'டோல் கட்டும் அட்டையை, அம்மா. அங்கே சாலையில் போவதற்கு அது வேண்டுமாம்.'

'அவ்வளவுதானா?' என்றார் அவர்.

ஆசிரியர் காரைப் பின்னோக்கி எடுத்தார். பின்புறக் காட்சி தெரியும் திரையில் ஜப்பானிய எழுத்துகளில் ஏதோ ஓர் எச்சரிக்கை தோன்றியது. அது இன்றும் தோன்றுகிறது.