பட்டர், லெட்டர், வாட்டர்

எட்டாம் வகுப்பில் ஒரு ஆங்கில வகுப்புத் தேர்வு. தாள்களை மாற்றிக் கொடுத்து எங்களையே திருத்தச் சொன்னார் சார். எனக்கு வந்தது பக்கத்தில் உட்காரும் நண்பனின் தாள். கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி அவன் ஊர். கள்ளக்குறிச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். எங்கள் ஊர் அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 2019இல்தான்.

ரைமிங் வேர்ட்ஸ் எழுதச் சொல்லி ஒரு கேள்வி. லெட்டருக்கு ‘பட்டர்’, வாட்டருக்கு ‘மேட்டர்’ என்று எழுதியிருந்தான். சார் போர்டில் போட்ட விடை பெட்டர், டாட்டர். சிவப்பு மையில் இரண்டு பெருக்கல் குறி போட்டேன்.

“ரெண்டாவது எழுத்து ஒண்ணாதானடா இருக்கு?” என்றான்.

“சார் சொன்னது இல்லல்ல, தப்புதான்” என்றேன்.

அன்று முதல் பீரியடில் தமிழய்யா நடத்தியது எதுகை. முதல் எழுத்து அளவொத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றி வரவேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். லெட்டர், பட்டர் இரண்டும் குறில். வாட்டர், மேட்டர் இரண்டும் நெடில். இலக்கணம் பிசகாமல்தான் எழுதியிருக்கிறான். அது எனக்குப் புரிய இருபது வருஷம் ஆனது.

தமிழ்ச் செய்யுள் ஒலி ஒற்றுமையைப் பெரும்பாலும் சொல்லின் தலையில் தேடுகிறது. கடைசியில் ஒன்றுவதும் உண்டு, அதற்கு இயைபு என்று பெயர். ஆங்கிலம் தேடுவது வாலில்: அழுத்தி உச்சரிக்கும் உயிரிலிருந்து கடைசிவரை ஒன்றாக ஒலிக்க வேண்டும். உயிர் மாறினால் அதை அரை ரைம் என்கிறார்கள். நம் யாப்பில் அதே எழுத்து வராமல் அதன் இன எழுத்து வந்தால் இன எதுகை, இன மோனை. அங்கே பாதி என்பதை இங்கே சொந்தம் என்கிறோம்.

ஆபீசில் வாடிக்கையாளர் பட்டியலில் ஒரே ஆளின் பெயர் நாலு விதமாக ஏறியிருந்தது. அவற்றைச் சேர்க்க சவுண்டெக்ஸ் என்ற முறையை எடுத்தேன். 1918இல் அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் காப்புரிமை வாங்கியது. முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, மீதியில் உயிரெழுத்துகளை உதறிவிட்டு, ஒலியில் உறவுள்ள மெய்களுக்கு ஒரே எண் கொடுக்கும். எம்முக்கும் என்னுக்கும் 5. டேபிளின் முதல் எழுத்துக்கும் டோரின் முதல் எழுத்துக்கும் 3. ஆருக்கு 6. இன எதுகையேதான் என்று தோன்றியது.

அன்றிரவு சும்மா அந்த நாலு சொற்களையும் போட்டுப் பார்த்தேன். லெட்டர், பட்டர், வாட்டர், மேட்டர். முதல் எழுத்துக்குப் பின்னால் நாலுக்கும் 360. சாருடைய டாட்டரையும் போட்டேன். 236. எழுத்துக்கூட்டலை மட்டும் பார்க்கிற முறை அது. நடுவில் ஒலிக்காமல் நிற்கும் ‘ஜி’யையும் எண்ணிவிட்டது. வாட்டரும் டாட்டரும் ரைம்தான், மெஷினுக்குத் தெரியவில்லை.

ஆங்கிலக் கணக்கில் அவன் எழுதியது தப்புதான். ஏன் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. அவன் கேட்டது என்னிடம். நான் போர்டைக் காட்டினேன்.

பொங்கல் லீவுக்கு மலை ஏறியவன் திரும்ப வரவில்லை. மரவள்ளிக் காட்டு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்த ரெண்டு மார்க்கால்தான் நின்றான் என்று சொல்லமாட்டேன். மலையிலிருந்து வந்தவர்கள் நிற்பதற்கு எவ்வளவோ காரணம் இருந்தது.

இப்போதும் ஊருக்குப் போனால் கச்சிராயபாளையத்தில் மலைக்குப் போகும் பஸ்ஸை ஒருமுறை எட்டிப் பார்ப்பேன். முப்பது தாண்டிய முகத்தை எப்படி அடையாளம் காண்பது? பார்த்தால் சொல்ல வேண்டியது இதுதான்: நீ கேட்டது சரியான கேள்விடா, எனக்குத்தான் பதில் தெரியல.