"ரெண்டு வார்த்தை புத்தி சொல்லி அனுப்புங்க டாக்டர்"

1) நான் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற எம்பிபிஎஸ் டாக்டர். மனநல நிபுணர் கிடையாது. ஆனா ஓபியிலயும் கேஷுவாலிட்டியிலயும் பார்க்கிறவங்கள்ல சிலரை எங்க சைக்காலஜிஸ்ட் மேடம்கிட்ட அனுப்ப வேண்டியிருக்கும். அனுப்பும்போதெல்லாம் வீட்டாளுங்க சொல்றது இதுதான்: "அங்க எதுக்கு சார்? நீங்களே ரெண்டு வார்த்தை புத்தி சொல்லி அனுப்புங்க."

2) புத்தி சொல்லி சரியாகும்னா நம்ம ஊர்ல ஒருத்தருக்கும் மனசுல பிரச்னை இருக்கக் கூடாது. அத்தை, மாமா, பக்கத்து வீடு, டீக்கடை... புத்தி சொல்ல ஆளா இல்ல? உளவியல் சிகிச்சைங்கிறது அறிவுரை இல்லீங்க, பயிற்சி. கட்டு பிரிச்ச காலுக்கு பிசியோதெரபி குடுக்கிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. வயசுக்கு ஏத்த மாதிரி பயிற்சி மாறும். மூணு பேரை வச்சு சொல்றேன். அடையாளம் தெரியக்கூடாதுன்னு விவரங்களை மாத்தியிருக்கேன்.

3) முதல்ல ஒரு 6 வயசுப் பாப்பா. தெருநாய் கடிச்சு வந்தா. 0, 3, 7, 28ன்னு நாலு நாள் ஊசி. புண் ஆறிடுச்சு. ஆனா தெருவுல நாயைப் பார்த்தாலே அலறல். ராத்திரி தூக்கம் இல்ல. பள்ளிக்கூடம் நின்னுபோச்சு. பாட்டி பாசத்துல இடுப்புல தூக்கிக்கிட்டு வேற தெரு வழியா சுத்திப் போவாங்க. ஒவ்வொரு தடவை சுத்திப் போகும்போதும் பாப்பா மனசுல ஒண்ணு பதியுது: "தப்பிச்சோம். அந்தத் தெருவுல போயிருந்தா செத்திருப்போம்." இப்படி ஒதுங்க ஒதுங்கத்தான் பயம் பெருசாகுது.

4) 6 வயசுக் குழந்தையை உட்கார வச்சு "உனக்கு என்ன கஷ்டம்?"னு கேட்டா என்ன சொல்லும்? அதுக்குப் பேச்சைவிட விளையாட்டு நல்லா வரும். மேடம் கலர் பென்சிலும் பேப்பரும் குடுத்தாங்க. பாப்பா வரைஞ்ச நாய் வீட்டைவிடப் பெருசு. அடுத்து பொம்மை நாய். அப்புறம் நாய்க்குட்டிப் படம். அப்புறம் ஜன்னல் வழியா தூரத்துல நிஜ நாய். ஒரு படியில பயம் தணிஞ்ச பிறகுதான் அடுத்த படி. கடைசிப் படி நாயைத் தடவுறது இல்ல. தெருநாயைத் தொடக்கூடாதுன்னு நாங்களேதான் சொல்றோம். பாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு அதே தெருவுல நடந்து பள்ளிக்கூடம் போறதுதான் கடைசிப் படி.

5) இது நேத்து வந்த முறை இல்ல. 1924லயே அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலுக்குப் பயந்த பீட்டர்ங்கிற சின்னப் பையனைப் பத்தி எழுதியிருக்கார். பையன் பிடிச்சதைச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது முயலைத் தூரத்துல வச்சு, கொஞ்சம் கொஞ்சமா கிட்ட கொண்டுவந்தாங்க. கடைசியில அந்த முயலோடயே விளையாடினான்.

6) ஒண்ணு கவனிங்க. அந்த அறையில பாதி சிகிச்சை பாட்டிக்குத்தான் நடந்துச்சு. எப்போ தூக்கணும், எப்போ தூக்கக்கூடாது, பாப்பா பத்தடி நடந்தா எப்படிப் பாராட்டணும். குழந்தைங்க விஷயத்துல வாரத்துல ஒரு மணி நேரம்தான் சைக்காலஜிஸ்ட். மிச்ச நேரம் முழுக்க வீடுதான் சிகிச்சை அறை.

7) அடுத்து 16 வயசுப் பொண்ணு. வகுப்புல அடிக்கடி மயங்கி விழுறா, கை கால் வெட்டி இழுக்குது. நரம்பியல் டாக்டர் பார்த்து, இஇஜி, ஸ்கேன் எல்லாம் எடுத்தாச்சு. வலிப்பு நோய் இல்ல. உடனே சொந்தக்காரங்க தீர்ப்பு: "நடிக்கிறா. படிப்பை நிறுத்தி ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுத்தா சரியாயிடும்." மொத விஷயம், இது நடிப்பு இல்ல. தாங்க முடியாத மன அழுத்தம் உடம்பு வழியா இப்படி வெளியே வரலாம். அது அவ கட்டுப்பாட்டுல இல்ல. ரெண்டாவது, 18 வயசுக்குள்ள கல்யாணம் சட்டப்படி குற்றம்.

8) இந்த வயசுக்கு பொம்மையும் ஒத்துவராது, அப்பா அம்மா பக்கத்துல உட்கார்ந்து பேசவும் முடியாது. மேடம் பொண்ணை முதல்ல தனியாப் பார்த்தாங்க. அப்பா கேட்டார்: "அவ சொல்றதை எங்ககிட்ட சொல்லிடுவீங்கல்ல?" மேடம் பொண்ணு முன்னாடியே பதில் சொன்னாங்க: "நீ பேசுறது இந்த அறையோட இருக்கும். மூணு விஷயம் மட்டும் விதிவிலக்கு. உன் உயிருக்கு ஆபத்து, உன்னால இன்னொருத்தருக்கு ஆபத்து, யாராவது உன்னைத் துன்புறுத்துறது. அதை மறைக்க மாட்டேன். ஆனா சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்."

9) மொத ரெண்டு வாரம் அவ வாயே திறக்கலையாம். "வெறும் மூஞ்சியைப் பார்த்துட்டு வர்றதுக்கு பஸ் காசு தண்டமா?"ன்னு அப்பா நிறுத்தப் பார்த்தார். நிறுத்தியிருந்தா அடுத்தது கல்யாணப் பேச்சுதான். மூணாவது வாரம் அவ பேச ஆரம்பிச்சா. என்ன பேசினான்னு எனக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

10) எனக்குத் தெரிஞ்ச பயிற்சிகள் இவ்ளோதான். மயக்கம் வர்றதுக்கு முன்னாடி உடம்பு காட்டுற அறிகுறியைக் கண்டுபிடிக்கிறது. அந்த நேரத்துல பாதத்தைத் தரையில அழுத்தி, கண்ணுல படுற அஞ்சு பொருளைப் பேர் சொல்லி எண்ணுறது. வீட்டுக்கு ஒரு வேலை: விழுந்தா அடிபடாம பார்த்துக்கணும், கூட்டம் கூடக்கூடாது, "நடிக்கிறா"ங்கிற வார்த்தையே வரக்கூடாது. இப்ப பிளஸ் டூ படிக்கிறா. மயக்கம் எப்பவாவது வருது.

11) மூணாவது 38 வயசு லோடு ஆட்டோ ஓட்டுற அண்ணன். ஒரே மாசத்துல மூணு தடவை நடுராத்திரி கேஷுவாலிட்டி. நெஞ்சு படபடப்பு, வியர்வை, கை மரத்துப்போறது, "சாகப் போறேன்"ங்கிற பயம். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, எக்கோ எல்லாம் நார்மல். இது பேனிக் அட்டாக். ஆபத்து வந்தா ஓட உடம்பு வச்சிருக்கிற அலாரம், ஆபத்தே இல்லாம அடிக்குது. வேகவேகமா மூச்சு விடுறதால ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சு கை மரத்துப்போகுது. அதைப் பார்த்து பயம் இன்னும் ஏறுது.

12) அண்ணன் மாடிப்படி ஏறுறதை விட்டார். பைபாஸ்ல ஓட்டுறதை விட்டார். ஆட்டோவை விக்க ஆளும் பார்த்துட்டார். பெரியவங்களுக்குத் தன் எண்ணத்தைத் தானே எடுத்துப் பார்க்க முடியும். 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய சிகிச்சை இதை வச்சுத்தான். என்ன நடந்துச்சு, அப்ப என்ன நினைச்சீங்க, என்ன செஞ்சீங்கன்னு நோட்டுல எழுதணும். அப்புறம் அந்த நினைப்பு சரியான்னு செஞ்சு பார்க்கணும்.

13) இதயத்துல கோளாறு இல்லைன்னு உறுதியான பிறகு, மேடம் அவரோடவே ரெண்டு மாடி ஏறினாங்க. படபடப்பு வந்துச்சு. அங்கேயே நின்னு அது தானா அடங்குறதைப் பார்க்க வச்சாங்க. "சாகப் போறேன்"னு நூறு தடவை நினைச்ச மனசுக்கு "சாகமாட்டே"ன்னு நான் சொன்ன சொல் எடுபடல. அந்தப் படிக்கட்டு எடுபட்டுச்சு. ஆட்டோ இன்னைக்கும் ஓடுது. ஆனா நீங்களா "இது பேனிக்தான்"னு முடிவு பண்ணாதீங்க. நெஞ்சு வலின்னா முதல்ல ஆஸ்பத்திரி, முதல்ல ஈசிஜி.

14) மருந்து வேணாமான்னு கேப்பீங்க. சிலருக்குக் கண்டிப்பா வேணும். காதுல குரல் கேக்குறது, பைபோலார், தீவிர மனச்சோர்வு இதுக்கெல்லாம் மருந்து அவசியம். மருந்து எழுதுறவர் மனநல மருத்துவர், இந்தப் பயிற்சி குடுக்கிறவர் சைக்காலஜிஸ்ட். நிறைய பேருக்கு ரெண்டு பேரும் தேவைப்படுவாங்க.

15) எங்க போறது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்லயும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகள்லயும் மனநலப் பிரிவு இருக்கு, காசு கிடையாது. நேர்ல வர முடியாதவங்க 14416க்குக் கூப்பிடுங்க. டெலிமானஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். தற்கொலை எண்ணம் இருந்தா நாளைக்குன்னு தள்ளிப்போடாதீங்க. இப்பவே கூப்பிடுங்க, இல்ல பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வாங்க.

16) கடைசியா ஒரே வேண்டுகோள். முதல் தடவை போயிட்டு வந்து "ஒண்ணுமே பண்ணல, சும்மா பேசுனாங்க"ன்னு நிறுத்திடாதீங்க. வாரத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு மூணு மாசம் குடுங்க. சர்க்கரை மாத்திரையை ஒரு நாள் போட்டுட்டு "குறையல"ன்னு நிறுத்துவோமா? அந்தப் பொறுமையை மனசுக்கும் குடுங்க.