சுங்கை வேயில் மான் குரைத்த காலம்

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையில் பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டும்போது சுங்கை வே வந்துவிடும். ஒரு புறம் தொழிற்சாலைகள். ஒரு புறம் அவசரகாலத்தில் எழுந்த புதுக்கிராமம். நடுவே ஓயாத வாகன இரைச்சல். ரயிலில் வருவோர் செரி செத்தியா என்ற பெயர்ப் பலகையைப் பார்த்து இறங்க வேண்டும். பெயர் மாறினாலும் பழைய தோட்டத்து மக்களின் வாயில் அது இன்னும் சுங்கை வேதான்.

இந்த ஊரை வைத்து மான் வேட்டையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். ஒட்டுக்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரும் முதலில் சிரித்தார். இளமையில் பால்மரம் வெட்டியவர். வயது எண்பதை எட்டிவிட்டது.

"மானா? இங்கேயா? இப்ப கார்தான் தம்பி ஓடுது" என்றவர், சற்று நேரம் பேசாதிருந்து பிறகு தொடர்ந்தார். "நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப மரக்காட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய காடு. விடியறதுக்கு முன்னே நாய் குரைக்கிற மாதிரி ஒரு சத்தம் கேக்கும். அது நாய் இல்லே, கீஜாங். அது விடாம குரைச்சா எங்கப்பா நிரைக்குப் போகமாட்டாரு. புலி நடமாட்டம்னு அர்த்தம்."

நம் தோட்டப்புற மக்கள் அறிந்த மான் வகை மூன்று. பெரியது ரூசா, தமிழில் கடமான் என்போம், மிளா என்போம். அடுத்தது பெரியவர் சொன்ன கீஜாங். தமிழ்நாட்டு மலைகளில் இதன் இனத்தைக் கேளையாடு என்பார்கள். பயந்து ஓடும்போது வாலைத் தூக்கும். வாலின் அடிப்பக்கம் வெள்ளை வெளேர் என்று தெரியும். மூன்றாவது, முயல் அளவே உள்ள பிளாண்டோக் என்ற சருகுமான். உண்மையில் இது மான் குடும்பத்தைச் சேர்ந்ததன்று, கொம்பும் கிடையாது. ஆனாலும் மக்கள் அதை மான் என்றே கொண்டார்கள்.

"எங்ககிட்ட ஏது துப்பாக்கி? ஈட்டியும் நாயுந்தான். சிக்கறது பெரும்பாலும் காட்டுப்பன்றி. என்னைக்காவது ஒரு மான் விழுந்தா லயத்துல எல்லார் வீட்டுச் சட்டியிலயும் ஒரு துண்டு விழும். வித்துக் காசாக்குனது கிடையாது" என்றார் பெரியவர்.

தோட்டங்களுக்கும் மானுக்கும் பழைய பகை ஒன்று உண்டு. இளங்கன்றுகளின் தளிரை மான் மேய்ந்துவிடும் என்பது நிர்வாகங்களின் முறையீடு. அதே காலத்தில் விலங்குகளுக்காக வாதாடவும் ஒருவர் இருந்தார். கோலாலம்பூர் ரயில் நிலையத்தை வடிவமைத்த ஆர்தர் ஹப்பேக்கின் சகோதரர் தியோடர் ஹப்பேக்தான் அவர். யானையையும் காட்டெருமையையும் தேடித் தேடிச் சுட்டவர். அந்த அனுபவத்தை 1905-இல் நூலாகவே வெளியிட்டவர். பின்னாளில் மனம் மாறினார். 1930-இல் தொடங்கிய வனவிலங்கு விசாரணையை நடத்தி, 1932-இல் விரிவான அறிக்கை தந்தார். அவருடைய விடாமுயற்சியின் பயனாக 1938-39-இல் பிறந்த தேசிய வனமே இன்றைய தாமான் நெகாரா. காட்டை நன்கு அறிந்த வேட்டைக்காரரே காட்டுக்குக் காவலரானார்.

ஆனால் சுங்கை வேக்கு அப்படி ஒரு காவல் வாய்க்கவில்லை. காடு ரப்பர் தோட்டமானது, ஈயக் குட்டையானது. 1972-இல் சுதந்திர வாணிப வட்டாரம் அமைந்தது. லயத்துப் பெண்கள் பால்வாளியை வைத்துவிட்டுத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினார்கள். ஈயம் தீர்ந்த பள்ளத்தில் 1993-இல் சன்வே லகூன் கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. அருகே பூச்சோங்கில் உள்ள ஆயர் ஈத்தாம் காடு, 1906-இல் ஒதுக்கப்பட்டபோது 4,000 ஹெக்டருக்கும் மேல் இருந்தது. இன்று எஞ்சியிருப்பது சுமார் 1,200 ஹெக்டர். ஆக, இந்த வட்டாரத்தின் மானை ஒழித்தது ஈட்டி மட்டுமன்று. அது நிற்க இடமில்லாமல் போனதுதான். இப்போது கீஜாங் பேங்க் நெகாராவின் சின்னத்தில் நிற்கிறது. 1994-இல் வந்த சிறிய காருக்குச் சருகுமானின் மலாய்ப் பெயரான 'கஞ்சில்' சூட்டப்பட்டது. நம் பிள்ளைகளுக்குக் கஞ்சில் என்றால் முதலில் காரே நினைவுக்கு வருகிறது.

கடல் கடந்து அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே வெள்ளைவால் மான் என்றோர் இனம் உண்டு. கீஜாங்கைப் போலவே வாலைத் தூக்கி வெள்ளை காட்டி ஓடும். இலையுதிர் காலத்தில், நவம்பர் மாத வாக்கில், அது இணை தேடும். வேட்டைப் பருவமும் அதையொட்டியே வரும். சந்தைக்காகக் கண்டபடி சுட்டதில் 1900 வாக்கில் அந்த நாடு முழுவதும் சுமார் ஐந்து லட்சம் மான்களே மிஞ்சின. பிறகு கணக்கு வைத்தார்கள். சட்டத்தை மீறிச் சுட்ட விலங்கை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதை 1900-இல் தடுத்தார்கள். பருவம் குறித்தார்கள், உரிமம் கேட்டார்கள். 1937-இல் ஒரு சட்டம் வந்தது. துப்பாக்கி, தோட்டா மீதான 11 விழுக்காடு வரி வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போயிற்று. கைவிட்ட வயல்களில் காடும் திரும்ப வளர்ந்தது. இன்று அங்கே சுமார் மூன்று கோடி வெள்ளைவால் மான்கள் இருக்கின்றன.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 1972-இல் ஒன்று வந்தது. அதற்குப் பதிலாக 2010-இல் வேறொன்று வந்தது. ரூசாவும் கீஜாங்கும் அருகிவிட்டதால் தீபகற்பத்தில் 2009-இல் அவற்றின் வேட்டை நிறுத்தப்பட்டது. பின்னர் அந்தத் தடை நீட்டிக்கப்பட்டது. 2022-இல் வந்த திருத்தத்தின்படி கடுமையான குற்றங்களுக்கு உச்ச அபராதம் 10 லட்சம் ரிங்கிட், சிறை 15 ஆண்டு வரை. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் நாட்டில் 150-க்கும் குறைவான புலிகளே இருப்பது தெரியவந்தது. புலிக்கு முக்கிய இரை ரூசா. இரை இல்லாத புலி தோட்டத்து மாட்டைத் தேடி வந்தால் வியப்பென்ன?

சுங்கை வேயின் கணக்கு முடிந்துவிட்டது. ஆனால் பகாங்கிலும் பேராக்கிலும் ஜொகூரிலும் காட்டோரத் தோட்டங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு அது முடியவில்லை. பன்றிக்கென்று வைக்கும் கம்பிக் கண்ணிக்குப் பன்றி எது, மான் எது, நம் வீட்டு நாய் எது என்று தெரியாது. அது சட்ட விரோதமும்கூட. பன்றியென்று எண்ணி மனிதரைச் சுட்டுவிட்ட செய்திகள் நம் ஏடுகளில் பலமுறை வந்திருக்கின்றன. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் வேட்டைக்காரர் பளிச்சென்ற செம்மஞ்சள் சட்டை அணிந்தாக வேண்டும். இருட்டில் தலைவிளக்கோடு நிரைக்குப் போகும் நம் பெண்களுக்கு யார் அந்தச் சட்டையைத் தந்தார்கள்? தோட்டத்தில் வேட்டைக்காரர் நடமாடினால், அது எந்த நிரை, எந்த நேரம் என்று முன்கூட்டியே சொல்லும்படி நிர்வாகத்தைக் கேட்பது நம் உரிமை. காட்டு இறைச்சி என்று இரகசியமாக விற்க வருபவரிடம் வாங்காமலிருப்பது நம் கடமை. வாங்கும் கை இல்லாவிட்டால் கண்ணி வைக்கும் கையும் ஓயும்.

விடைபெறும்போது பெரியவரிடம், "ஐயா, அந்தக் குரைப்பை மறுபடி எங்காவது கேட்டீர்களா?" என்றேன்.

"பேரப்பிள்ளைக்கு நான்தான் குரைச்சுக் காட்டுறேன்" என்றார். இம்முறை அவர் சிரிக்கவில்லை.